திருகோணமலையில் பேனாக்கத்தி வைத்திருப்பவர்களுக்கு: வாங்குவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

நான் ஏசி, குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன். கிழமையில் பாதி நாள் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில்தான் போகும். பிளாஸ்டிக் கட்டுகளை அறுக்க, குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரையை அளவாக நறுக்க, உதிரிப்பாகம் வந்த பெட்டியைப் பிரிக்க, மத்தியானம் வேலை செய்கிற இடத்தில் யாராவது மாங்காய் தந்தால் அதையும் வெட்ட ஒரு சின்னக் கத்தி இல்லாமல் எனக்குச் சரிவராது.

அப்படித்தான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு நடைபாதைக் கடையில் கறுப்பு நிறத்தில் ஒன்றை வாங்கினேன். ஒரு கைவிரலால் தட்டினால் ‘டக்’ என்று திறந்து பூட்டிக்கொள்ளும். காற்சட்டைப் பையில் கொழுவ ஒரு கிளிப்பும் இருந்தது. ஒரு மாதம் பெருமையாகக் கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு மாலை நிலாவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது வீதிச் சோதனையில் நிறுத்தினார்கள். பையில் என்ன என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். நாள் முழுக்க வேலை செய்த அலுப்பில் வாயில் வந்ததைச் சொன்னேன்: “சும்மா, ஒரு பாதுகாப்புக்கு.”

அந்த ஒரு சொல்லுக்காக இரவு ஒன்பதரை வரை ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. மேசையில் இருந்தவர் கத்தியைப் பெருவிரலால் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒவ்வொரு ‘டக்’ சத்தத்துக்கும் அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அதைப் பதிவுப் புத்தகத்தின் மேல் வைத்து அடிமட்டம் எடுத்து அளந்தார். வழக்குப் போடவில்லை, ஆனால் கத்தியும் திரும்பி வரவில்லை. அதற்காக மூன்று முறை போய் வந்ததில் மூன்று நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

இப்போது வைத்திருக்கும் கத்தியை முறைப்படி விசாரித்து வாங்கினேன். அதற்கு என்ன செய்தேன் என்பதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. முதலில் காரணம், பிறகு கத்தி

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு வசனம் எழுதுங்கள்: “இந்தக் கத்தி எனக்கு இந்த வேலைக்கு வேண்டும்.” மீன்பிடி வலை, பார்சல் கடை, மின்சார வேலை, தோட்டம், எதுவாகவும் இருக்கட்டும். அந்த வசனம் வரவில்லையென்றால் உங்களுக்குக் கத்தி தேவையில்லை, காசை மிச்சப்படுத்துங்கள்.

‘தற்பாதுகாப்பு’ என்பதுதான் உண்மையான காரணம் என்றால் வாங்கவே வேண்டாம். ஆளை வெட்டும் எண்ணம் உங்கள் மனதில் இருக்கிறது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அதோடு பேனாக்கத்தியால் யாரும் யாரையும் காப்பாற்றினதாக நான் கேள்விப்படவும் இல்லை.

இன்னொன்று: அந்த வசனத்தைச் சிங்களத்திலும் சொல்லப் பழகுங்கள். “வெடட்ட கன்ன பிஹியக்”, அதாவது வேலைக்கு எடுக்கிற கத்தி. சோதனையில் நிற்பவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் நல்லது, தெரியாத இரவுகளில் இந்த மூன்று சொல் போதும்.

2. அலகின் நீளத்தை நீங்களே அளந்து பாருங்கள்

கடைக்காரர் சொல்லும் நீளம் பெரும்பாலும் கத்தியை முழுதாகத் திறந்தபோது உள்ள நீளம், இல்லாவிட்டால் மடித்தபோது உள்ள நீளம். கேள்வி வருவது இரும்பு அலகைப் பற்றி. பிடியிலிருந்து அலகு வெளியே வரும் இடத்தில் தொடங்கி நுனி வரை அடிமட்டத்தால் அளந்து மில்லிமீற்றரில் எழுதி வையுங்கள்.

இங்கேதான் பலர் விழுகிற குழி இருக்கிறது. லண்டனில் இருக்கிற என் சித்தி மகன், “அண்ணா, மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்” என்று சொன்னான். அவன் சொன்னது பிரித்தானியாவுக்குச் சரி. அங்கே 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குப் பேனாக்கத்திக்கு விலக்கு உண்டு. அதிலும் திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியாக இருந்தால் அந்த விலக்குக் கிடையாது, தகுந்த காரணம் காட்ட வேண்டும். இதெல்லாம் அவன் ஊர்ச் சட்டம். நம் நாட்டில் கத்திகளுக்கென்றே ஆங்கிலேயர் காலத்துக் கட்டளைச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. யூடியூப்பில் பார்த்த அங்குலக் கணக்கை இங்கே பொலிஸிடம் சொன்னால் சிரிப்பார்கள், நல்ல மனநிலையில் இருந்தால்.

ஆகவே நான் எடுத்த முடிவு: வேலைக்குப் போதுமான ஆகச் சின்ன அலகு. என் வேலைக்கு 4 சென்ரிமீற்றருக்குக் குறைந்த அலகே போதும் என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. பழைய கத்தியின் எட்டரைச் சென்ரிமீற்றரில் நான் பயன்படுத்தியது நுனியையும் அதற்கு அடுத்த இரண்டு விரல் அகலத்தையும் மட்டும்தான்.

3. பூட்டு, கிளிப், நிறம்

பூட்டு வேண்டாம். தட்டினால் பாய்ந்து திறக்கும் வில்லுக்கத்தி வேண்டவே வேண்டாம், பார்க்கிற கணத்திலேயே முடிவு எடுத்துவிடுவார்கள். இரண்டு கையாலும், நகத்தை அந்தச் சின்னப் பள்ளத்தில் வைத்து இழுத்துத் திறக்கிற பழைய மாதிரிதான் நல்லது. கறுப்பு, இராணுவப் பச்சை, பல்லுப் பல்லாக வெட்டின அலகு, பிடியில் மண்டை ஓடு, இவற்றையெல்லாம் தாண்டிப் போங்கள். சிவப்பு, மஞ்சள், நீலப் பிடி, கூடவே ஒரு குட்டிக் கத்தரிக்கோல் இருந்தால் பார்ப்பவருக்கே அது சாமான் என்று புரியும்.

பூட்டு இல்லாத கத்தியில் ஒரு குறை உண்டு: குத்தித் துளை போட முயன்றால் அலகு விரலில் மடியும். துளை போட ஆணியையோ ஊசியையோ எடுங்கள்.

4. உப்புக்காற்றும் கறளும்

இதைச் சொல்ல ஆளில்லாமல் நான் ஒரு கத்தியைக் கெடுத்தேன். நம் ஊரில் வீடு எங்கே இருந்தாலும் கடல் ஒரு கூப்பிடு தூரம்தான். புறக்கோட்டைக் கத்தி போன பிறகு, பிரான்சில் இருந்து வந்த ஒரு மச்சான் ஒப்பினெல் கத்தி ஒன்று தந்தார். மரப்பிடி, அழகான சாமான், 6ஆம் இலக்கம், அலகு 7 சென்ரிமீற்றர். அந்தக் கத்தி இரண்டு விதமாக வருகிறது, ஒன்று கார்பன் உருக்கு, மற்றது துருப்பிடிக்காத எஃகு. எனக்கு வந்தது கார்பன். முதல் நாள் மாங்காய் வெட்டிவிட்டுச் சட்டையில் துடைத்து மடித்து வைத்தேன். மறுநாள் அலகு முழுக்க நீலச் சாம்பல் நிறம். ஒரு கிழமை கழித்துத் திறந்தால் கடுகு கடுகாகச் செம்புள்ளி. மழைக்காலம் வந்ததும் மரப்பிடி ஊதி, நகத்தால் இழுத்தாலும் திறக்கவில்லை. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு என்ர காய்வெட்டுக் கத்தி என்ன குறை?” என்று கேட்டா. பதில் இல்லை. அதோடு அதன் கழுத்தில் உள்ள வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும், அதாவது மூன்றாவது படியிலும் தோற்றுவிட்டது. இப்போது அது குசினி லாச்சியில் கிடக்கிறது.

கார்பன் உருக்குக்கு நல்ல கூர் வரும், சாணை பிடிக்கவும் லேசு, மறுக்கவில்லை. ஆனால் கடற்கரை ஊரில் சட்டைப்பைக்குத் துருப்பிடிக்காத எஃகுதான். அதுவும் கறளே பிடிக்காது என்றில்லை, மெதுவாகப் பிடிக்கும். கடல் தண்ணீர் பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, திறந்தபடி காயவைத்து, மடிகிற மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், கொஞ்ச நாளில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும்.

5. எங்கே வாங்குவது, எவ்வளவு

நான் கடைசியில் வாங்கியது சுவிஸ் விக்ரோறினொக்ஸ் கம்பனியின் ‘கிளாசிக்’. மடித்தால் 58 மில்லிமீற்றர், எடை 21 கிராம். சின்ன அலகு, கத்தரிக்கோல், நகம் ராவும் அரம், முள் பிடுங்கி, பல்லுக்குத்தி. பூட்டு இல்லை. திறப்புக் கோர்வையில் மாட்டலாம். கத்தரிக்கோலைத்தான் அலகைவிட அதிகம் பாவிக்கிறேன்.

அதற்கு எனக்கு 9,500 ரூபாய் போனது. கூடத்தான். 500 ரூபாய்க்குள் நடைபாதையில் கிடைப்பதும் வெட்டும், ஆனால் மூட்டு ஆணி ஆறு மாதத்தில் ஆடத் தொடங்கும், ஆடுகிற அலகு விரலுக்குக் கூடாது. இடையில் 2,000, 3,000 என்று சொல்லி விற்கிற ‘சுவிஸ்’ கத்திகளைக் கவனியுங்கள். சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் யாரும் ஒட்டலாம். அலகின் அடியில் கம்பனிப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கிறதா, ஒவ்வொரு கருவியும் திறக்கும்போதும் மூடும்போதும் இறுக்கமாகச் சொடுக்கி நிற்கிறதா, மூடியிருக்கும்போது நடுவில் வெளிச்சம் தெரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று பிழைத்தாலும் போலி என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரதான வீதி இரும்புக் கடைகளில் உள்ளூர் மடக்குக் கத்திகள் இருக்கின்றன, நல்ல பெயருள்ளவை குறைவு. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வருவதென்றால் கைப்பையில் இல்லாமல், விமானத்தின் சரக்கறையில் போகும் பெரிய பொதியில் போடச் சொல்லி இரண்டு முறை ஞாபகப்படுத்துங்கள். இதைப் பற்றிக் கடைசிப் படியில் இன்னும் சொல்கிறேன்.

6. காகிதங்கள்

கத்திக்குக் காகிதமா என்று சிரித்தவன்தான் நானும். இப்போது பணப்பையில் நாலாக மடித்த ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதில் முதலாவது, கடை பில். கடையின் பெயர், திகதி, சாமானின் பெயர், விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். “ஒரு கத்தி” என்று மட்டும் எழுதித் தந்தால் அங்கேயே நின்று மாதிரியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். கடை விட்டு வெளியே வந்த பிறகு யாரும் எழுதித் தரமாட்டார்கள். சில பில்கள் சூட்டில் அச்சாகிறவை, மூன்று மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும், ஆகவே அன்றைக்கே போட்டோப் பிரதி எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் தொழிலைக் காட்டும் ஏதாவது. சொந்தமாகச் செய்பவர்கள் வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதியை வைக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் முதலாளியிடம் ஒரு சின்னக் கடிதம் வாங்குங்கள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன வேலை, அந்த வேலைக்குச் சிறிய மடக்குக் கத்தி தேவை, கையொப்பம், முத்திரை. என் நண்பன் ஒருவனுக்கு அவன் முதலாளி இந்தக் கடிதம் கொடுக்க இரண்டு கிழமை இழுத்தடித்தார். நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் கேளுங்கள், ஒரே நாளில் முடியும்.

மூன்றாவது தேசிய அடையாள அட்டை, அது எப்படியும் உங்களிடம் இருக்கும்.

இந்தக் காகிதங்கள் எதுவும் அனுமதிப்பத்திரம் இல்லை. பிழையான கத்தியை இவை சரியாக்காது. நீங்கள் சொல்லும் அந்த ஒரு வசனம் உண்மை என்று காட்டத்தான் இவை.

7. கேட்டுவிட்டு வாங்குங்கள்

இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். கத்தியைக் கொண்டு போகாதீர்கள், படத்தையும் அளவையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொண்டு முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். நீதிமன்றத்தைச் சுற்றி அலுவலகங்கள் நிறைய. காலையில் அவர்கள் வழக்குகளில் நிற்பார்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனால் நின்று பேசுவார்கள். எனக்கு 2,000 ரூபாய் எடுத்தார், இருபது நிமிடம் பேசினார். கேட்க வேண்டியவை: இந்த அலகு நீளத்துக்கும் கூர் நுனிக்கும் கத்திகள் கட்டளைச் சட்டம் என்ன சொல்கிறது, நம் பகுதிக்கு அனுமதி ஏதாவது எடுக்க வேண்டுமா, வேலைக்குப் போகாத நாளில் கையில் வைத்திருந்தால் என்ன. மூன்றாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். நான் பிடிபட்டது வேலை நாளில், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் பிடிபட்டிருந்தால் என் வசனமே செல்லாது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்திலும் கேட்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி, தமிழிலேயே கடிதம் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பிரதி ஒன்றில் கிடைத்ததாகக் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். வாயால் “பரவாயில்லை, போங்கோ” என்று சொன்னதை நம்பி இருக்காதீர்கள். அடுத்த சந்தியில் நிற்பவர் அந்த உரையாடலைக் கேட்கவில்லை.

எல்லாம் சேர்ந்து எனக்கு ஒன்பது நாள் எடுத்தது, அதில் ஐந்து நாள் என் சோம்பேறித்தனம்.

8. எப்படிக் கொண்டுபோவது

வேலைக்குப் போகும்போது கருவிப் பையில், மற்றச் சாமான்களோடு. ஸ்குரூ ட்றைவருக்கும் அளவு நாடாவுக்கும் பக்கத்தில் கிடக்கும் கத்தியை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அதே கத்தி இடுப்பில் கிளிப்பில் தொங்கினால் கதை வேறு. வேலை முடிந்ததும் பையோடு வீட்டில் இறக்கிவிடுங்கள். கள்ளுக் கொட்டில், பார் பக்கம் போகும் திட்டம் இருந்தால் கட்டாயம்.

9. கொண்டுபோகவே கூடாத இடங்கள்

கோணேசர் கோயிலுக்குப் போக பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்ட வேண்டும், உள்ளே இராணுவம் இருக்கிறது. அர்ச்சனைத் தட்டோடு போகிறவரின் பையிலிருந்து கத்தி வந்தால் அங்கே திரியும் மான்களைத் தவிர எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தேங்காயும் வாழைப்பழமும் வெட்டக் கோயிலிலேயே கத்தி இருக்கிறது. நீதிமன்றம், கச்சேரி, ஆஸ்பத்திரி, பாடசாலை, தேர்தல் நாள், கூட்டம், ஊர்வலம், தேர்த் திருவிழா, மைதானம், எல்லாவற்றுக்கும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அவசரகாலச் சட்டம், ஊரடங்கு உள்ள நாட்களில் வேலைக்குக்கூட வேண்டாம், ஒரு கத்தரிக்கோலோடு சமாளியுங்கள்.

கடற்படை, இராணுவ இடங்களுக்குள் வேலை கிடைத்தால் கருவிப் பட்டியலை முதல் நாளே எழுதிக் கொடுத்து, கத்தியையும் அதில் சேருங்கள். வெளியே வரும்போது அதே பட்டியலைக் காட்டலாம்.

10. நிறுத்தினால்

பைக்குள் கையை விடும் முன் வாயால் சொல்லுங்கள்: “ஐயா, என்னிடம் வேலைக்கு வைத்திருக்கிற ஒரு சின்னப் பேனாக்கத்தி இருக்கிறது, இந்தப் பையில்.” அவர் கேட்டால் மடித்தபடி கொடுங்கள். திறந்து காட்டாதீர்கள், அவரே திறக்கட்டும். பிறகு காகித உறை. அதிகம் பேசாதீர்கள், பகிடி விடவே வேண்டாம், என் கதை தெரியும்தானே.

கத்தியை எடுத்து வைத்தால் வாதாடாமல் ஒரு ரசீது அல்லது பதிவு இலக்கம் கேளுங்கள். இடம், நேரம், அலுவலரின் இலக்கம் மூன்றையும் வீட்டுக்கு வந்ததும் எழுதிவிடுங்கள். நான் இதைச் செய்யவில்லை, அதனால்தான் மூன்று முறை போயும் “எந்தக் கத்தி?” என்ற கேள்வியோடு திரும்பினேன். வாக்குமூலம் எடுத்தால் விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் எழுதக் கேளுங்கள், இல்லாவிட்டால் வாசித்து விளங்கப்படுத்தக் கேளுங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

11. கட்டுநாயக்கவுக்குப் போகும் முன்

விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பையில் எந்தக் கத்தியும் வேண்டாம், குட்டியாக இருந்தாலும். ஐரோப்பிய விமான நிலையங்களில் 6 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட அலகுதான் தடை என்று அங்கிருந்து வருபவர்கள் சொல்வார்கள். அது அங்கே ஏறும்போது. வழியில் இன்னொரு நாட்டில் விமானம் மாறினால் அந்த நாட்டு விதி, இங்கிருந்து திரும்பும்போது இங்குள்ள விதி. பெரிய பொதியில் துணியில் சுற்றிப் போட்டுவிட்டால் கேள்வியே இல்லை.

பிரச்சினை எப்போதும் திறப்புக் கோர்வையில்தான். இங்கிருந்து இரவு பஸ் ஏறி விடியக் கொழும்பு போய், அங்கிருந்து விமான நிலையம் போய், பாதுகாப்புத் தட்டில் திறப்பைப் போடும்போதுதான் ஞாபகம் வரும், வீடு அப்போது 200 கிலோமீற்றருக்கு மேல் பின்னால். சென்ற தைப்பொங்கலுக்கு முன் சென்னை போனபோது நான் அனுராதபுரச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே கோர்வையைத் தடவிப் பார்த்துக் கழற்றி, வழியனுப்ப வந்த தம்பியின் கையில் கொடுத்தேன். அவன் அதை வைத்து வாசல் பப்பாசியை வெட்டிவிட்டுக் கழுவாமல் மடித்து வைத்திருந்தான்.